இரவல் குரல்

அந்தப் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு நடைமேடைகள் உண்டு. ஒன்பதாம் நடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புப் படியில் ஏறினால், மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், வெந்நீர்க் குடுவை, நாற்பத்துமூன்று வயதில் ஒரு பெண்மணி. மின்விசிறி கிடையாது. அது சுற்றினால் மைக்கில் 'கொர்' என்று கேட்கிறது என்று கழற்றிக்கொண்டு போய் மேலாளர் அறையில் மாட்டிவிட்டார்கள். அங்கே அது யார் காதையும் தொந்தரவு செய்யவில்லை.

ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவள் மைக்கம்மா. பதினேழு வருடமாக, நாளொன்றுக்கு நூற்றுநாற்பது அறிவிப்பு. வண்டி வருவதைச் சொல்வாள், கிளம்புவதைச் சொல்வாள், தாமதமானால் வருந்துவாள். தாமதப்படுத்திய ஓட்டுநர் ஒருநாளும் வருந்தியதில்லை. அதற்குத்தான் மேலே ஒரு ஆள் இருக்கிறாளே. இனிமையான குரல் என்று யாரும் சொன்னது கிடையாது. ஆனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால், அது எங்கோ மேலிடத்தில் நாலு பேர் கூடிப் பேசி, கையெழுத்தும் போட்டு முடித்த விஷயம் போல இருக்கும். எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வராது. நிலையத்துக்கு இது வசதியாக இருந்தது. வீட்டுக்கு அதைவிட வசதியாக இருந்தது.

அவள் கணவருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பரம சாது என்று பெயரெடுத்தவர். தொலைபேசி மணி அடித்தால் அவருக்கு உடனே குளிக்க வேண்டும் போலிருக்கும். தண்ணீர் அலுவலகத்தோடு சண்டையா, மாடி வீட்டுக்காரர் இரைச்சலா, வாங்கிய பீரோவின் கதவு மூடவில்லையா, எல்லாவற்றுக்கும் அவள்தான் பேச வேண்டும். அவருக்கு அச்சகத்தில் விடுப்பு வேண்டுமென்றால்கூட அவள்தான் கேட்டாள். அவள் அவருடைய காய்ச்சலை வர்ணிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'மூணு நாள், மூணு நாள்' என்று விரலைக் காட்டிக்கொண்டிருப்பார்.

கொழுந்தன் அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்த தம்பி. பை, பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மூன்று வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றையும் சொன்னது அண்ணி. நாலாவது இடம் பிடித்தது. அந்த நல்ல சேதியை மட்டும் அவனே சொந்தமாகப் போன் செய்து சொன்னான். குரல் தேன் மாதிரி இருந்ததாகப் பெண் வீட்டில் சொன்னார்கள்.

அப்புறம் அவளுடைய அக்கா. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசுவாள். அத்தான் சரியில்லை என்பதுதான் இருபது வருடமாக விஷயம். பதில் தேவையில்லை; 'ம்' போதும். ஆனால் அந்த 'ம்' தரமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சுரத்துக் குறைந்தால், "என்னடி, கேக்குறியா, தூங்குறியா?" என்று ஆரம்பத்திலிருந்து மறுபடி வரும்.

ஒருநாள் காலை, பதினோராம் நடைமேடை வண்டியை அறிவிக்கும்போது குரல் நடுவில் பிளந்தது. 'பதி' வந்தது, 'னோராம்' வரவில்லை. கீழே இரண்டு பேர் பதினாறாம் நடைமேடைக்கு ஓடி, வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தொண்டை மருத்துவர் ஒரு சின்னக் குழாயை உள்ளே விட்டு, திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் கடுகு மாதிரி இரண்டு முடிச்சு.

"கையில காய்ப்புக் காய்க்குமே, அது மாதிரிதாம்மா இது. ரொம்பப் பேசுவீங்களா?"

"என் வேலையே அதுதாங்க டாக்டர்."

"வேலையில எவ்வளவு நேரம்?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஓர் அறிவிப்பு, இரண்டு முறை சொன்னாலும், இருபது விநாடி. நூற்றுநாற்பது அறிவிப்பு. ஒரு மணி நேரம்கூட வரவில்லை. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப மிச்சத்தை எங்க பேசுறீங்க?" என்றார் மருத்துவர்.

இவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவரும் கல்யாணமானவர் என்பதால் வற்புறுத்தவில்லை.

"ஆறு வாரம். வேலையில மட்டும் பேசுங்க. வீட்டுல ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுன்னு பேசலாமான்னு கேக்காதீங்க, அது இன்னும் மோசம். 'ம்' கொட்டக் கூடாது. கத்தவே கூடாது, ஒரே ஒரு தடவை கத்தினீங்கன்னா ஆறு வாரமும் போச்சு. அப்புறம் கத்திதான் வைக்கணும். வெச்சா பழைய குரல் வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவள் நேராக மேலாளரிடம் போனாள். மின்விசிறிக்குக் கீழே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அவர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா," என்றார். "உங்க மேல புகார் வந்திருக்கு. ஆறு வாரம் கழிச்சுக் குரல் சோதனை. தேறினா மைக். தேறலைன்னா கீழ கழிப்பறை வாசல்ல சீட்டுக் கிழிக்கிற இடம் காலியா இருக்கு. பயப்படாதீங்க, அங்க பேசவே வேண்டாம்."

ஆக, அவளுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் இரண்டு கடுகைக் கரைக்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். நிலையத்தின் பழைய பேருந்து நேர அட்டவணைகளின் பின்பக்கம் காலியாக இருக்கும். ஒரு கட்டு எடுத்து வந்திருந்தாள். குடும்பம் உருகிவிட்டது. கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கொழுந்தன், "அண்ணி, உங்க குரல் எங்க சொத்து" என்றான். வாய் தவறி உண்மையைச் சொல்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. அக்கா போனில், "நீ ஒரு வார்த்தை பேசப்படாது, எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம், நீ கம்முனு இரு" என்று நாற்பது நிமிடம் சொன்னாள்.

அந்த உருக்கம் மூன்று நாள் தாங்கியது.

நாலாவது நாள் வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கணவர் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு வார்த்தை. 'குழாய் உடைஞ்சிருக்கு'ன்னு மட்டும் சொல்லிடேன்."

அவள் தலையாட்டினாள், இல்லையென்று. பாவமாக இருந்தது. உட்கார்ந்து அவர் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். அறிவிப்பாளர்கள் எழுதும் முறையிலேயே எழுதினாள்: எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே 'மூச்சு' என்று சின்னதாகக் குறிப்பது. பதினேழு வருடப் பழக்கம். கை தானாகப் போட்டுவிட்டது.

அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அச்சகத்தில் ஒருவர் கைப்பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சடித்ததோடு ஒப்பிடுவார். படிப்பவர் எதையும் விடக் கூடாது. புள்ளி, கோடு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் அப்படித்தான் படித்து வந்தார்.

"வணக்கம் முற்றுப்புள்ளி," என்று ஆரம்பித்தார். "எங்கள் வீட்டு வாசலில் காற்புள்ளி நேற்று இரவு முதல் மூச்சு குழாய் உடைந்து மூச்சு தண்ணீர் வீணாகிறது முற்றுப்புள்ளி மூச்சு."

எதிர்முனையில் ஒரு பெண் குரல் பதறியது. "சார், உங்களுக்கு மூச்சு வாங்குதா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லவா?"

அரை மணி நேரத்தில் ஆட்கள் வந்து குழாயைச் சரிசெய்தார்கள். அவள் பேசியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். கணவருக்கு இதில் பெருமை இல்லை, அவமானம்தான் இருந்தது. "உன்னாலதான் நான் அசடு வழிஞ்சேன்" என்றார். அன்றிலிருந்து காகிதத் தொல்லை பெரிதானது. பேச வேண்டாம், எழுதினால் போதும் என்று ஆகிவிட்டதே! கொழுந்தன் தன் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய சாக்கை எழுதி வாங்கிப் போனான். கணவர் ஒரே கேள்வியை வேறு வேறு முகத்தோடு வந்து கேட்டார். ஒன்பதாவது நாள் அவளுக்குத் தொண்டை ஓய்வெடுத்தது, தோள்பட்டை வலித்தது.

அன்று பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது, கீழே ஒருவர் பெட்டியும் கையுமாக ஓடுவதைப் பார்த்தாள். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் மேலே அண்ணாந்து அவளைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் வெந்நீர் குடித்தாள். நிலையத்தில் ஒரு விதி உண்டு: எந்த அறிவிப்பும் இரண்டு முறை, மூன்றாவது முறை கிடையாது. மூன்றாவது சொன்னால் அடுத்த வண்டிக்கு நேரம் இருக்காது. இரண்டு முறை சொன்ன பிறகு ஓடுவதும் நிற்பதும் பயணியின் பாடு. பதினேழு வருடத்தில் வண்டியைத் தவறவிட்ட ஒருவருக்காகவும் அவள் தூக்கம் கெட்டதில்லை. வீட்டில் மட்டும் அவள் ஐம்பதாவது முறையும் சொல்லிக்கொண்டிருந்தாள். போதாததற்குப் பயணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடவும் செய்தாள்.

சாயங்காலம் கணவர் வந்து, மாடி வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார். 'முடியாது' என்று எழுதிக் காட்டினாள். "ஏன், சும்மா நாலு வரிதானே?" என்றார். அதே காகிதத்தை இன்னொரு முறை காட்டினாள். மூன்றாவது முறை கேட்டபோது செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அவர் செய்தித்தாளின் பின்பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். அதில் ஒரு பிழை கண்ணில் பட்டது. அதைக்கூட அவளிடம் சொல்லப் பயந்துகொண்டு போய்விட்டார்.

சேதி அக்காவுக்குப் போயிற்று. தங்கைக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை, மனதில்தான் என்னவோ என்று அவள் முடிவு கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து இறங்கினாள். எதிரே உட்கார்ந்து அத்தானின் புதிய குற்றங்களை இரண்டு மணி நேரம் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அக்கறை இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"ஏன்டி, 'ம்'ன்னுகூடச் சொல்ல மாட்டியா? 'ம்' சொல்ல வாயே திறக்க வேண்டாமேடி!"

தங்கை எழுதினாள்: 'அதுக்கும் நாண் அதிரும்.'

"எனக்கும்தான் நெஞ்சு அதிருது. யாருகிட்டச் சொல்ல?"

'அத்தான்கிட்ட.'

அக்கா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வடக்கு வழித்தட வண்டிகளின் நேரம் இருந்தது. "அந்த ஆளுகிட்டயா? அந்த ஆளைப் பத்தி அந்த ஆளுகிட்டயே சொல்றதுல என்னடி சுகம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு, அட்டவணையில் இருந்த ஐந்தேகால் வண்டியைப் பிடித்துப் போனாள்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. குரலில் கரகரப்புக் குறைந்தது. நிலையத்தில் கடைசி வண்டிவரை ஒரே சீராகச் சொல்ல முடிந்தது. சோதனைக்கு முதல் நாள், மத்தியான வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கொழுந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைச் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். மூன்று மாதம் அவகாசம் கேட்க வேண்டும்.

"அண்ணி, கால்ல வேணா விழுறேன். அந்த ஆளு உங்க குரலுக்குத்தான் அடங்குவாரு. ஒரே ஒரு போன்."

"ரெண்டு நிமிஷம்," என்றார் கணவர். "நாளைக்குத்தான் சோதனை. இன்னிக்குப் பேசினா என்ன?"

அவள் 'முடியாது' காகிதத்தைக் காட்டினாள்.

"ஊருக்கெல்லாம் மேல உக்காந்து பேசுற. உன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்போது வாயை மூடிக்குவியா?"

அவள் இரண்டாவது முறை காட்டினாள். உண்மையிலேயே கடை போய்விட்டால்? அவன் பெண்டாட்டி மாசமாக வேறு இருக்கிறாள். ஆனாலும் காகிதத்தை இறக்கவில்லை. வெந்நீர் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள்.

வேறு வழி இல்லாமல் கணவரே தட்டுத் தடுமாறி நாலு வரி எழுதினார். வரிக்கு அடியில் அளவுகோல் வைத்துப் படித்தே பழக்கம். அதற்கு இரண்டு கையும் வேண்டும். போனை மேஜைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி அமுக்கிவிட்டு, எண்ணைத் தட்டினார்.

"யாரு?" என்றது கடைச் சொந்தக்காரரின் குரல். "ஓ, நீங்களா? அந்தம்மா பேசலையா?"

"அவளுக்குத் தொண்டை சரியில்லீங்க."

"அப்பாடா! தப்பா நினைச்சுக்காதீங்க சார். அந்தம்மா போன் வந்தாலே எனக்குப் படபடன்னு வருது. போன வருஷம் கூரை ஒழுகுதுன்னு பேசினாங்க பாருங்க, கோர்ட்டுக் கூண்டுல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்தக் கோபத்துலதான் சார் காலி பண்ணச் சொன்னேன்."

கணவர் அளவுகோலைக் கீழே வைத்தார். காகிதத்தையும் வைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இருபது வருடத்தில் அவள் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது; சரளமாக, குழைவாக, கேட்கவே சுகமாக.

"அவ அப்படித்தாங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். 'பெரிய மனுஷர்கிட்ட இப்படியா பேசுறது'ன்னு. கேட்டாத்தானே? மைக்கு முன்னாலயே உக்காந்து உக்காந்து அதே பழக்கமாயிடுச்சு. என் தம்பிக்கும் அதே வருத்தந்தான்."

கொழுந்தன் வருத்தமாக மேஜையைப் பார்த்துக்கொண்டான்.

"நீங்க எப்படி சார் சமாளிக்கிறீங்க?"

"என்ன பண்றதுங்க. பொறுத்துப் போக வேண்டியதுதான்."

கூரை ஒழுகிய அன்று நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சூடா, இன்னும் சூடா" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் கொஞ்சம் தன்மையாக முடிக்கப் பார்த்தபோது போனைப் பொத்தி, "வக்கீல் பேரைச் சொல்லு" என்றது இதே சாது.

நெஞ்சுக் குழியிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டைவரை வந்தது. அது வார்த்தை இல்லை, சத்தம். வெளியே விட்டிருந்தால் மாடி வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்திருப்பார், எதிர்முனையில் இருந்தவருக்குப் படபடப்பு நிஜமாகவே வந்திருக்கும். ஒரே ஒரு தடவை கத்தினால் ஆறு வாரமும் போச்சு. அவள் வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்காமல், துப்பாமல், கன்னம் உப்ப வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மளிகைக் கடைக்காரர் அவளைக் கண்டதும் ஏன் தராசைத் துடைக்கிறார், வேண்டாமென்று சொன்ன மூன்று பெண் வீட்டாரும் எதிரே வந்தால் ஏன் அவளை மட்டும் முறைத்து, கொழுந்தனிடம் சிரிக்கிறார்கள், மாடி வீட்டு அம்மாள் ஏன் கணவருக்கு மட்டும் வணக்கம் சொல்கிறாள். அந்த வீட்டில் ஆண்கள் இருவரும் தங்கம், அந்தம்மாதான் வாய். அவர்களுக்குப் பேச வராமல் இல்லை. கெட்ட பேரைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இவள் அதைக் குடும்ப சேவை என்று நினைத்துத் தொண்டையில் காய்ப்புக் காய்க்கிறவரை செய்திருக்கிறாள்.

வெளியே பேச்சு இருபது நிமிடம் ஓடியது. மூன்று மாதம் கேட்கப் போனவர் நாலு மாதம் வாங்கியிருந்தார்.

மறுநாள் சோதனையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போனில் இருந்தார், ஒருவர் பிஸ்கட்டில் இருந்தார், ஒருவர் மட்டும் கேட்டார். அவள் இருபத்திரண்டு நடைமேடைக்கும் வரிசையாக அறிவித்தாள். பதினொன்று முழுசாக வந்தது. 'தொடரலாம்' என்று எழுதினார்கள். "நான்தான் சொன்னேனே, அநாவசியமாக் கவலைப்பட்டீங்க" என்றார் மேலாளர். அதற்கு மறுநாள் மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்து, கடுகு கரைந்துவிட்டது என்றார்.

"இனி வீட்டுலயும் பேசலாம்மா. அளவா."

கணவர் வாசலிலேயே காத்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"சரியாயிடுச்சு."

ஆறு வாரத்துக்குப் பிறகு வீட்டில் அவள் பேசிய முதல் சொல். அவருக்கு முகமெல்லாம் பல். உள்ளே ஓடிப்போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். நிலுவையில் கிடந்த போன்களின் பட்டியல், பதினான்கு. அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. முதலாவது, பீரோக் கடை.

"இதெல்லாம் இனிமே நான் பேச மாட்டேங்க," என்றாள்.

"அதான் சரியாயிடுச்சுன்னியே?"

"தொண்டை சரியாச்சு. நான் பேச மாட்டேங்கறது வேற. நீங்கதான் நல்லாப் பேசுறீங்களே. முந்தாநாள் என்னைப் பத்தி எவ்வளவு அழகாப் பேசினீங்க! நான் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

அவர் கழுத்து சிவந்தது. "அது... சும்மா ஒரு தந்திரத்துக்குச் சொன்னது. அவர் மனசு குளிரணுமே."

"குளிர்ந்துச்சு. எனக்குத்தான் சுட்டுச்சு."

ஆறு மணிக்கு அக்கா அழைத்தாள். தங்கை எடுத்து, "அக்கா, பத்து நிமிஷம்" என்றாள். அக்கா அதில் எட்டு நிமிடத்தை, பத்து நிமிடம் எப்படிப் போதும் என்று கேட்பதில் செலவழித்துவிட்டு, நாளைக்குப் பேசுவதாக வைத்துவிட்டாள்.

பக்கத்து அறையில் கணவர் போனை வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எண்ணைத் தட்டினார். அவள் காதைக் கொடுத்தாள்.

"பீரோக் கடையா? வணக்கங்க. எங்க வீட்டுப் பீரோக் கதவு மூட மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. வீட்டுல அவதான் பயங்கரக் கோபத்துல இருக்கா. தொந்தரவு தாங்கல, அதான்..."

அவள் எழுந்து போய் வாசற்படியில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னங்க. என்னை இழுக்காமப் பேசுங்க."

அவர் போனைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "பின்ன யாருக்குக் கோபம்னு சொல்றது?"

"கதவு யாருக்கு மூடலை?"

"நமக்கு."

"உள்ள இருக்கிற சட்டை உங்களோடது. பீரோ உங்களோடது. வாங்கினதும் நீங்க."

எதிர்முனையில் யாரோ, "ஹலோ, ஹலோ, யார் சார் பேசுறது?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவளை ஒரு தடவை பார்த்தார். அவள் அந்த இடத்தைவிட்டு நகருகிறதாகத் தெரியவில்லை. பிறகு, வழியில் கண்டெடுத்த யாருடைய அடையாள அட்டையையோ படிப்பது போல, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரைச் சொன்னார்.